மீண்டு வந்தவனைக் காணாத இலக்கியம்

ஒரு சமுதாயம் எந்த நோயை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய வேண்டுமாயின் அதன் ஏச்சுமொழிகளைக் கேட்டாற் போதும். புற்றுநோய் என்றால் நம் நாட்டவர்க்கு மகரகமை நினைவுக்கு வரும். அப்பெயரைக் கேட்டு அஞ்சுவோர் உளர். தாழ்ந்த குரலிலே சொல்வோரும் உளர். ஆயினும் சண்டையிலே எதிரியை நோக்கி, "உன்னை மகரகமைக்கு அனுப்பவேண்டும்" என்று எவரும் ஏசுவதில்லை. அங்கொடை என்ற ஊர்ப்பெயரோ ஏச்சாகவே மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மந்திகைக்கும் சென்னையிற் கீழ்ப்பாக்கத்துக்கும் அதே கதிதான். நோயாளர் குணமடைவதற்காகச் செல்லும் இடத்தின் பெயர், குணமடையவே முடியாதவன் என்ற பொருளிற் பயன்படுத்தப்படுகின்றது. நம் வட்டார வழக்கிலுள்ள "விசர்" என்னும் சொல்லையும் நோக்குக. மனிதனின் சித்தக் கலக்கத்தையும் நாயின் வெறிநோயையும் அது ஒருங்கே குறிக்கும். விசர்நாயைக் கண்டால் ஊரார் கையில் என்ன எடுப்பர் என்பது யாவரும் அறிந்தது.

சொற்களைப் பற்றிய இப்பேச்சு இலக்கிய விமர்சனத்துக்குப் புறம்பானதன்று. மக்களின் சொற்களை வாங்கி மக்களுக்கே திருப்பிக் கொடுப்பது எழுத்தாளனின் தொழில். அவ்வாறு திருப்பிக் கொடுக்கும்போது சொல்லில் ஏறியிருக்கும் அழுக்கை அவன் கழுவிக் கொடுத்தானா, இன்னும் சிறிது பூசிக் கொடுத்தானா என்று கேட்பது விமர்சகனின் கடமையாகும். மனநோயாளரைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்தாளர்கள், குறிப்பாக முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நாம், செய்தது என்ன?

என் கணிப்பைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றேன். நம் கதைகளிலே சித்தம் கலங்குகிறவன் உண்டு. சித்தம் கலங்கியபடியே தெருவிலே திரிகிறவனும், கிணற்றில் விழுந்து மாள்கிறவளும் உண்டு. வைத்தியம் பெற்றுத் தேறி, மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று வந்துகொண்டு, தன் வயலையோ வகுப்பறையையோ கவனிக்கின்ற ஒருவனைக் காண்பது அரிதினும் அரிது. வாழ்க்கையில் அத்தகையோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். நம் அயலிலே உள்ளனர். இலக்கியத்தில் அவர்கள் இல்லாமையே அவர்களைச் சூழ்ந்துள்ள இழிவின் ஒரு கூறாக இயங்குகின்றது என்பது என் துணிபு.

இவ்வின்மைக்கு வேர் பழையது. நம் சமய மரபு பித்தைப் போற்றிய மரபு. சிவனுக்கே பித்தன் என்று பெயர். தன்னைத் தடுத்தாட்கொள்ள வந்த கிழவரைச் சுந்தரர் அச்சொல்லால் ஏச, அதனையே முதற்சொல்லாக வைத்துப் பாடுமாறு திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் பணித்ததாகப் பெரியபுராணம் கூறும். யாழ்ப்பாணத்திலே நல்லூர்த் தேரடியில் வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் "விசர்ச் செல்லப்பா" என்றே அழைத்தனர். பின்னர் யோகர் சுவாமிகளின் குருவென அவரையே வணங்கினர். இவற்றை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் இம்மரபின் மறுபக்கத்தையும் காணவேண்டும். தெய்வப் பித்து என ஊர் ஒப்புக்கொள்ளாத பித்து அனைத்தும் பேய்ப் பித்தாகியது. முதலாவதற்குத் தேரடி, இரண்டாவதற்குச் சங்கிலி. கழிப்புக் கழித்தல், நூல் கட்டுதல், வேப்பிலையால் அடித்தல் என ஒரு பெருந்தொழிலே அதைச் சுற்றி வளர்ந்தது. ஞானிக்கு மருந்து தேவையில்லை. பேய் பிடித்தவனுக்கும் மருந்து பயனில்லை. ஆகவே வணக்கமும் சங்கிலியும் ஒரே வேலையையே செய்தன. இரண்டும் நோயாளனை வைத்தியனிடமிருந்து மறைத்தன.

சங்கிலி என்பது வெறும் உருவகமென எவரும் கருதவேண்டாம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் நாள், தமிழகத்தின் இராமநாதபுர மாவட்டத்திலுள்ள ஏர்வாடியில், தர்காவின் அயலிலே இயங்கிய காப்பகம் ஒன்றிற் தீப்பற்றியது. கட்டிலோடும் தூணோடும் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர்களால் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களிற் பலர் கொடியவர்களல்லர். ஊரில் வைத்தியம் இல்லை. இருந்த இடத்துக்குப் போக வழியில்லை. போனால் மானம் போய்விடும். மூன்று சுமைகளையும் தாங்கிக்கொண்டு புனிதத் தலமொன்றை நாடிவந்த ஏழைக் குடும்பத்தவர் அவர்கள். 2017இல் இந்தியா இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிற் பிணைப்பதைத் தடைசெய்தது. சட்டம் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன.

இனி நம் பக்கத்துக் குறையைப் பார்ப்போம். சமயமரபை நிராகரித்த முற்போக்கு இலக்கியம், பித்தனைப் பேயிடமிருந்து மீட்டெடுத்தது உண்மை. ஆனால் மீட்டெடுத்த கையோடு அவனைக் குறியீடாக்கிவிட்டது. சமுதாயம் சொல்ல அஞ்சும் உண்மையை உரத்துச் சொல்பவன் பித்தன்; சுரண்டலின் கொடுமை முற்றிய நிலையே பித்து. இந்நோக்கின் மிகச்சிறந்த படைப்பு, யாவரும் அறிந்தவாறு, லூ சுன் 1918இல் எழுதிய "ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு" ஆகும். தன்னைச் சூழ உள்ளோர் மனிதரைத் தின்பவர்கள் என்று அந்நாட்குறிப்பை எழுதுபவன் நம்புகின்றான். அந்நம்பிக்கையின் வாயிலாகப் பழைய சீனத்தின் நிலமானிய அறநெறி முழுவதும் அம்பலமாகின்றது. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆயினும் அதன் முன்னுரையை மாணவர்கள் மறுபடி படித்துப் பார்க்கவேண்டும். நாட்குறிப்பை எழுதியவன் நோய் நீங்கி, உத்தியோகம் ஒன்றை எதிர்பார்த்து வெளியூர் சென்றுவிட்டான் என்ற செய்தி அங்கே ஓரிரு வரிகளிற் சொல்லப்படுகின்றது. கதையின் தருக்கப்படி அவன் குணமடைந்தது ஒரு தோல்வி. உண்மையைக் கண்டவன் மறுபடி குருடனாகி, தின்பவர்களின் அணியிற் சேர்ந்துகொண்டான் என்பதே அதன் தொனி.

மேதையின் கையிலே இது கூர்மையான அங்கதம். அவரைப் பின்பற்றியோர் கையில் இது வாய்பாடாகிவிட்டது. நம் சஞ்சிகைகளில் எத்தனை கதைகள் இவ்வாறு முடிகின்றன! காணி பறிபோனவன் கடைசிப் பந்தியிலே கலகலவெனச் சிரிக்கின்றான். கைவிடப்பட்ட பெண் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு சந்தியிலே நிற்கின்றாள். மகனைப் பறிகொடுத்த தாய் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீதியிலே நடக்கின்றாள். ஆசிரியர் அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றார். அத்தாய் மறுநாட் காலையில் உண்டாளா, அவளை எந்த வைத்தியசாலைக்கு எவர் அழைத்துச் செல்வது, பஸ்ஸுக்குக் காசு யார் கொடுப்பது என்பனவெல்லாம் அவருடைய கவலைகளல்ல. சமுதாயத்தின் மீதான குற்றப்பத்திரிகையில் அவளுடைய பித்து இறுதிச் சான்றாக இணைக்கப்பட்டுவிட்டது. சான்றுப்பொருள் தேறிவிட்டால் வழக்குப் பலவீனமாகிவிடும் அல்லவா? ஏழையின் துயரத்தை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு, அத்துயரம் தீராதிருப்பதையே கதைக்கு ஆதாரமாகக் கொள்ளும் இம்முறையை யதார்த்தவாதம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

யதார்த்தவாதம் என்றால் என்னவென்பதைக் காட்டும் படைப்பு ஒன்று, லூ சுன்னின் கதைக்குக் கால் நூற்றாண்டு முன்னரே எழுதப்பட்டது. செகோவ் 1892இல் வெளியிட்ட "ஆறாவது வார்டு" அது. லூ சுன் ஜப்பானுக்கு மருத்துவம் கற்கச் சென்று, அதனைக் கைவிட்டு இலக்கியத்துக்கு வந்தவர். செகோவோ மருத்துவத்தை விட்டொழிக்காமலே எழுதியவர். தண்டனைக் கைதிகளின் நிலையை நேரிற் கண்டறிய 1890இல் சகலின் தீவு வரை பயணம் செய்தவர். அந்த வேறுபாடு கதையின் முதற் பந்தியிலேயே தெரிகின்றது. முட்செடிகள் மண்டிய வைத்தியசாலை முற்றம். ஆணிகள் துருத்தி நிற்கும் வேலி. குப்பையாகக் குவிந்த பழைய உடுப்புகளின் மேற் படுத்துக்கிடக்கும் காவலாளி நிகீற்றா. அவன் முன்னாட் படைவீரன். ஒழுங்கை நிலைநாட்டும் ஒரே வழியாகத் தன் முட்டிகளை நம்புகின்றவன். நோயாளருள் ஒருவனுக்கு மட்டும் வெளியே சென்று பிச்சையெடுக்க அனுமதியுண்டு. திரும்பி வந்ததும் அவன் பெற்ற காசை நிகீற்றா பறித்துக்கொள்கின்றான். இங்கே எதுவும் குறியீடாகத் தொடங்கவில்லை. துர்நாற்றமும் உணவும் உதையும் அவையவையாகவே உள்ளன.

அவ்வைத்தியசாலைக்குப் பொறுப்பான டாக்டர் றாகின் தீயவரல்லர். அங்கே நடப்பது அநீதி என்பதை அவர் நன்கறிவார். ஆனால் ஒன்றும் செய்வதில்லை. அதற்கு ஒரு தத்துவத்தையும் வைத்திருக்கின்றார். அமைதி மனிதனின் உள்ளேயே இருக்கின்றது. ஆதலின் கதகதப்பான படிப்பறைக்கும் இந்த வார்டுக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை என்று, தாம் பூட்டி வைத்திருக்கும் நோயாளனாகிய குறோமொவுக்கே அவர் போதிக்கின்றார். குறோமொவ் சீறுகின்றான். வாழ்நாளில் ஒருமுறையேனும் அடிவாங்கியறியாதவர் துன்பத்தைப் பற்றிப் பேசவந்துவிட்டார் என்பது அவன் வாதத்தின் சாரம். முடிவில் டாக்டரே அவ்வார்டில் அடைக்கப்படுகின்றார், நிகீற்றாவின் முட்டியை அறிகின்றார், மறுநாள் இறக்கின்றார். லெனின் இளமையில் இக்கதையை வாசித்தபோது தாமே அந்த வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்ததாக அவருடைய சகோதரி எழுதியிருக்கின்றார். கதை ரஷ்யா முழுவதற்கும் பொருந்தியது உண்மைதான். ஆனால் அது முதலில் ஒரு குறிப்பிட்ட வைத்தியசாலைக்குப் பொருந்தியது. அதனாலேயே பிறவற்றுக்கும் பொருந்தும் வலிமையை அது பெற்றது. நம்மவர்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, நாட்டுக்குப் பொருந்தும் குறியீட்டை முதலில் வகுத்துக்கொண்டு, பின்னர் அதற்கேற்ற நோயாளனைத் தேடுகின்றார்கள்.

டாக்டர் றாகினின் வாரிசுகள் இன்றும் நம்மிடையே உள்ளனர் என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விடமுடியவில்லை. மனநலம் பற்றிய மேடைகளில் "மனதை அடக்கு", "நல்லதை நினை", "எல்லாம் உன் மனத்திலேயே உள்ளது" என்று அறிவுரை வழங்குவோர் அவர்கள்தாம். அறிவுரைக்குச் செலவில்லை, வார்டுக்குச் செலவுண்டு.

தமிழில் செகோவின் முறைக்கு நிகராக எதுவும் இல்லையா என்று கேட்பின், இரண்டு நூல்களைச் சுட்டுவேன். இரண்டும் தமிழகத்தில் எழுந்தவை. ஒன்று, கோபிகிருஷ்ணனின் "உள்ளேயிருந்து சில குரல்கள்", 1986இல் வெளிவந்தது. உளவியல் கற்று, மனநோயாளரிடையே சமூகப் பணியாளராக வேலைசெய்தவர் கோபிகிருஷ்ணன், 2003இல் மறைந்தார். நாவலுக்குரிய கட்டுக்கோப்பை அவர் தேடவில்லை. நோயாளரின் பேச்சுகளும் அவர்களைப் பற்றிய குறிப்புகளும் துண்டு துண்டாக வருகின்றன. பித்தனைக் கொண்டு ஆசிரியர் பேசுவதற்கு மாறாக, நோயாளர் பேச ஆசிரியர் எழுதிக்கொள்கின்றார். அவர்களுடைய பேச்சிலே ஞானமும் இருக்கின்றது, அற்பத்தனமும் இருக்கின்றது. சிலர் சலிப்பூட்டுகின்றனர். அச்சலிப்பையும் நீக்காமல் விட்டது ஆசிரியரின் நேர்மை. தொடர்ச்சியின்மையை இந்நூலின் குறையாகச் சொல்லலாம். ஒருவரை முழுதாக அறியுமுன் அடுத்தவர் வந்துவிடுகின்றார். வார்டைக் காட்டிய நூல், வார்டிலிருந்து வீடு செல்லும் பாதையை அதிகம் காட்டவில்லை என்ற வருத்தமும் எனக்குண்டு. எனினும் தமிழிலே நோயாளரை எடுத்துக்காட்டாக்காமல் மனிதராகவே விட்டு வைத்த நூல் என்ற வகையில் அதற்குரிய இடத்தை நம் விமர்சகர்கள் இன்னும் அளிக்கவில்லை.

மற்றையது எம். வி. வெங்கட்ராமின் "காதுகள்". 1993ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்கதமிப் பரிசைப் பெற்ற நாவல் இது. மகாலிங்கம் என்னும் குடும்பஸ்தனின் காதுகளிலே குரல்கள் கேட்கத் தொடங்குகின்றன. அவை ஏசுகின்றன, ஆபாசம் பேசுகின்றன, கேலி செய்கின்றன, தம்முள்ளே உரையாடுகின்றன. ஒருபுறம் வறுமை, மறுபுறம் குடும்பப் பொறுப்பு, இவற்றுக்கிடையே இடையறாத அவ்விரைச்சல். இது தம் சொந்த அனுபவத்தினின்றும் பிறந்தது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. அனுபவத்தை அவர் விளங்கிக்கொள்ளும் முறையோ முற்றிலும் ஆன்மிகமானது. தீய சக்திக்கும் தெய்வத்துக்கும் இடையிலான போராகவே நாவல் அதனைக் காண்கின்றது, முருகபக்தியே பற்றுக்கோடாகின்றது.

"அகவயப்பட்ட படைப்பு, மாயாவாதம்" என்று இதனை ஒதுக்கிவிடுதல் நமக்கு எளிது. அது பிழையாகும். 1888இல் மார்கிரட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் பால்ஸாக்கைப் பற்றிக் கூறியதை நம் விமர்சகர்கள் ஓயாது எடுத்தாள்வதுண்டு. ஆசிரியனின் சொந்தக் கருத்துகளையும் மீறி யதார்த்தம் வெற்றிபெறக்கூடும் என்ற அக்கூற்றை இங்கே பொருத்திப் பார்க்கவேண்டும். குரல்களுக்கு வெங்கட்ராம் கூறும் காரணத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. குரல்கள் எவ்வாறு கேட்கும், அவை கேட்கும்போது கடைக்குப் போய் உப்பு வாங்குவதும் பிள்ளையோடு பேசுவதும் எத்தகைய உழைப்பாகின்றன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பிறிதொரு நூலைத் தமிழில் நான் கண்டதில்லை. அன்றியும், குரல்கேட்கும் மனிதன் ஒருவன் குடும்பத் தலைவனாக, சிந்திப்பவனாக, எழுதுபவனாக இருக்கமுடியும் என்று அந்நூல் நிலைநாட்டிவிடுகின்றது. "விசரன்" என்ற ஒற்றைச் சொல்லால் மகாலிங்கத்தை மூடிவிட இயலாது. சிகிச்சையை நாடும் தைரியத்தை அந்நாவல் வாசகனுக்குக் கொடுக்கவில்லை; உண்மை. ஆனால் குரல் கேட்கும் வாசகன் ஒருவனுக்கு, இவ்வுலகில் தான் தனியனல்லன் என்று அது சொல்லியிருக்கும்.

இலக்கியத்தை விட்டுச் சிறிது விலகி, நம் நாட்டின் நிலைமைக்கு வருவோம். கதைகளிலே காணாத பாதையின் நீளத்தை அறிய அது வேண்டும். அங்கொடையிலே பெரிய மனநோய் வைத்தியசாலை 1926இல் திறக்கப்பட்டது. மனநோயாளரைப் பற்றிய சட்டத்தின் அடிப்படை அதற்கும் முந்தியது. 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நோயாளனை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி விசாரித்து அடைத்துவைக்கும் ஏற்பாட்டை அது கொண்டிருந்தது. ஊரிலிருந்து நோயாளன் பொலிஸாரோடும் நீதிமன்றக் கட்டளையோடும் நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்குச் சென்றான். மொழி தெரியாத இடம். உறவினர் ஆண்டுக்கொருமுறை போய்ப் பார்ப்பதற்கே கடன்படவேண்டும். பலர் திரும்பவில்லை. அங்கொடை என்ற பெயர் ஏச்சாகியதற்கு மக்களின் அறியாமையை மட்டும் குறை கூறுவோர் இத்தொலைவை எண்ணிப் பார்ப்பதில்லை. போனவர் வராத ஊரின் பெயரை மக்கள் வேறெவ்வாறு வழங்குவர்?

2004இன் கடற்கோள் பேரழிவுக்குப் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை, மனநல வைத்தியத்தைக் கொழும்பின் சுற்றுப்புறத்திலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்புவதை நோக்கமாகக் கொண்டது. புதிய சட்டத்தின் தேவையையும் வலியுறுத்தியது. மாவட்ட வைத்தியசாலைகளிலே மனநலப் பிரிவுகள் எழுந்தன. மனநலத்துக்கெனப் பயிற்சிபெற்ற வைத்திய உத்தியோகத்தர்கள் நியமனம் பெற்றனர். 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து உதவி கேட்கவும் வசதி செய்யப்பட்டது. அங்கொடை திறக்கப்பட்ட ஆண்டே அவ்விலக்கமாகவும் அமைந்துள்ளது. போதுமா என்றால், போதாது. வைத்தியர் பற்றாக்குறை உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடும் வந்தது. நாள்தோறும் விழுங்கவேண்டிய மருந்து சில வாரங்கள் தவறினாற்கூட நோய் மீளக்கூடும் என்பதை நோயாளரின் குடும்பத்தவர் அறிவர்.

வைத்தியசாலை அண்மையில் வந்துவிட்டால் இழிவும் தானே நீங்கிவிடும் என்று நான் வாதிக்கவில்லை. அண்மையில் வந்தபோது புதிய இடர் ஒன்று தோன்றியது. தம் ஊர்க் கிளினிக்கில் அறிந்தவர் கண்ணிற் படுவோமென அஞ்சி, இரண்டு பஸ் மாறித் தொலைவிலுள்ள கிளினிக்குக்குச் செல்வோர் இருக்கின்றனர். மருந்துக் குளிசையின் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு விற்றமின் போத்தலிலே போட்டுவைப்போர் இருக்கின்றனர். மாணவர் கொண்டுவரும் விடுமுறைக் கடிதங்களிற் காய்ச்சலும் வயிற்றோட்டமும் உண்டு. தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்ற நாளுக்கும் காய்ச்சல் என்றே எழுதப்பட்டிருக்கும். ஆசிரியராக உள்ள வாசகர்கள் இதனை அறிவார்கள். எல்லாவற்றிலும் கொடியது கலியாணப் பேச்சு. நன்கு தேறியிருக்கும் பெண்ணின் நோயை மறைத்து மணம் பேசுகின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் காணக்கூடாதென்று மருந்தை நிறுத்துகின்றார்கள். சில மாதங்களில் நோய் மீள்கின்றது. "விசரியை எங்கள் தலையிற் கட்டிவிட்டார்கள்" என்று அவள் திருப்பி அனுப்பப்படுகின்றாள். சீதனம், சாதகம், குடும்பமானம், வைத்தியம் ஆகிய அனைத்தும் ஒரு முடிச்சிலே சேரும் இடம் இது. இதைவிட நாவலுக்கு உகந்த பொருள் வேறென்ன வேண்டும்? நம் நாவலாசிரியர்கள் இதன் பக்கத்திலேயே நடந்து போகின்றார்கள்.

உபதேசத்தின் எல்லை எதுவென்பதற்கு நம் நாட்டின் அனுபவம் ஒன்று உலகுக்கே பாடமாயிற்று. 1995இல் இலங்கையிலே தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவுக்கு உயர்ந்திருந்தது. உலகில் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. அவ்வாண்டிலும், பின் 1998இல் எண்டோசல்பான் விடயத்திலும், கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அப்பத்தாண்டில் மக்களின் துயரம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. போர் நடந்தது, கடன் இருந்தது, குடி இருந்தது. குறைந்தது, கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சு. தற்கொலைக்கு முயன்றவனைக் குற்றவாளியாக்கிய சட்டவிதியும் 1998இல் நீக்கப்பட்டது. காதலில் தோற்றவளுக்குப் பூச்சிமருந்துப் போத்தலைத் தவறாது நீட்டுகின்ற நம் சிறுகதைகளை இவ்வுண்மையின் ஒளியிலே ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நன்று. அத்தற்கொலைகள் விதியின் முடிவுகளைப்போல எழுதப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றைத் தடுத்திருக்கலாம் என்பதை நாட்டின் புள்ளிவிபரமே சொல்கின்றது.

போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலே போரின் நடுவிலிருந்து மனநோய் வைத்தியம் செய்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். அவர் 1993இல் வெளியிட்ட "மனவடு", மருத்துவ நூலாயினும், தமிழ் உரைநடைக்கும் பணிபுரிந்தது. போர் மனத்திலே விட்டுச்செல்லும் காயத்தைச் சொல்ல, யாரையும் இழிவுசெய்யாத ஒரு சொல் நமக்குக் கிடைத்தது. அதன்பின் நம் கவிஞர்களும் கதாசிரியர்களும் வடுவைப் பற்றி நிறைய எழுதினர். இங்கேயும் ஒரு பாகுபாடு நுழைந்துவிட்டது என்பதை நான் கவனித்து வருகின்றேன். ஷெல்வீச்சில் மகனை இழந்தவளின் கலக்கம் மதிப்புக்குரியதாகியது. அதில் ஓர் இனத்தின் வரலாறு பேசுகின்றது. எவ்விதப் போரும் தொடாத வீட்டிலே, பத்தொன்பது வயதில், காரணம் சொல்ல முடியாமல் நோயுற்ற பையனோ இன்னமும் "விசரன்"தான். அவனை வைத்து எந்த வரலாற்றையும் எழுத முடியாது. ஆதலால் அவனை எவரும் எழுதுவதில்லை. கௌரவமான நோய், கௌரவமற்ற நோய் என்ற இப்பிரிவினை, உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற பிரிவினையை எதிர்த்து எழுதியவர்களின் பேனாவிலிருந்தே வருவது வேதனைக்குரியது.

"அப்படியானால் கிளினிக்குக்கு விளம்பரம் எழுதச் சொல்கின்றீரா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான ஐயம். "டாக்டரிடம் போனான், சுகமானான்" என்று எழுதப்படும் கதையைச் சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரமே இதைவிட நன்றாகச் சொல்லிவிடும். மீண்டு வருதல் அத்துணை எளிதன்று என்பதனாலேயே அது இலக்கியத்துக்குரியதாகின்றது. மருந்து உடலைப் பருக்கச் செய்யும், கை நடுங்கும், காலையில் எழும்புவது கடினமாகும். வேலைக்குத் திரும்பியவனின் ஒவ்வொரு கோபத்தையும் சக ஊழியர் சந்தேகத்தோடு நோக்குவர். மற்றவர்க்குக் கோபம் வந்தால் அது கோபம், அவனுக்கு வந்தால் அது அறிகுறி. தான் முன்பு கேட்ட குரல் இன்று கேட்காதபோது உண்டாகும் வெறுமையையும் அவன் யாரிடமோ சொல்லவேண்டியிருக்கும். தமையனின் மாத ஊசிக்காக அரைநாட் சம்பளத்தை இழக்கும் தம்பியின் அன்பிலே எவ்வளவு எரிச்சல் கலந்திருக்கும்! இவற்றுக்குள் நுழையும் எழுத்தாளன் பிரசாரகனாக மாட்டான். அவனுக்கு நிகீற்றாவின் முட்டியும் வேண்டும். அதே கட்டடத்திலே நோயாளனின் பெயரைச் சொல்லி அழைத்து, போன மாதம் வராததற்குக் காரணம் கேட்கும் தாதியும் வேண்டும்.

இவ்வகையிற் கதையொன்றை எவரேனும் எழுதி அனுப்புவாராயின், அது குறைபாடுடையதாயினும், இச்சஞ்சிகையின் ஆசிரியர் அதனை வெளியிடத் தயங்கமாட்டார் என்றே நம்புகின்றேன். தலைப்பில் மட்டும் "விசர்" என்ற சொல்லைக் கண்டால், அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று எழுதியவரிடம் ஒருமுறை கேட்டுவிடட்டும்.